மூன்று கொடிகளின் வளாகம்

2007 நவம்பர் 8, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். மொன்றியலில், அகதி விசாரணை அறைக்கு வெளியே இருந்த தாழ்வாரத்தில், அகதி அந்தஸ்து கேட்டு வந்திருந்த முன்னாள் காவலாளி ஒருவர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இலக்கிய மாணவியான நான் அப்போது பகுதிநேர மொழிபெயர்ப்பாளர். அன்று அவருடைய தமிழைப் பிரெஞ்சில் சொல்ல வந்திருந்தேன். விசாரணைக்கு முன் கோரிக்கையாளரோடு பேசக் கூடாது என்பது விதி. எழுந்து போயிருக்கலாம்.

“பிள்ளை யாழ்ப்பாணமோ?”

“அம்மா அப்பா. நான் இஞ்சைதான் பிறந்தனான், ஐயா.”

“அப்ப பிழை விட்டால் நான்தான் திருத்தவேணும்” என்று சிரித்தார். மனைவி கழிப்பறைக்குப் போயிருந்த நேரம் அது. அந்தக் கதவைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தினார்.

ஊரில் மூன்று வெளிநாட்டு நிவாரண அமைப்புகள் பகிர்ந்துகொண்ட ஒரு வளாகத்தில் அவர் வாசல் காவலாளி. விமானங்களுக்குத் தெரியும்படி கூரையில் மூன்று நாட்டுக் கொடிகளையும் வரைந்தவரும் அவரே. ஒரு மத்தியானம் ஆயுததாரிகள் வந்து, களஞ்சியத்தின் பின்னால் பீரங்கியை நிறுத்த வாசற்கதவின் சாவியை, அவர் சொல்லில் ‘திறப்பை’, கேட்டார்கள். அந்தக் கொடிகளின் கீழிருந்து சுட்டால் எதிரி திருப்பிச் சுடத் தயங்குவான் என்று நினைத்தார்கள். எதிரி தயங்கவில்லை. அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள் செத்தார்கள்.

“என்ரை வாய்க்குள்ளை துவக்கை வைச்சுத்தான் திறப்பை வாங்கினவங்கள். அந்த அமைப்புகளின்ரை வெள்ளைக்காரர் மூண்டு பேரும் மேல் யன்னலிலை நிண்டு பாத்தவை. பேந்து திரையை இழுத்துவிட்டினம். தாங்கள் நடுநிலையாம்!” கழிப்பறைக் கதவை மறுபடி பார்த்தார். “நான் அண்டைக்கு உடுப்போடை மூத்திரம் போனனான், பிள்ளை. மனிசிக்கு இந்தக் கதை தெரியாது, அவளுக்கு முன்னாலை சொல்லவும் ஏலாது. நீரே பிரெஞ்சிலை சொல்லிவிடும். அவளுக்கு விளங்காது.”

‘முடியாது’ என்று சொல்வது என் கடமை. கூச்சத்தில் குனிந்து குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒப்புக்கொண்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

உள்ளே, எதையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன் என்று உறுதி எடுத்தேன். விசாரித்த பெண்மணி, திறப்பைத் தரும்படி உங்களை வற்புறுத்தினார்களா என்று கேட்டார். காவலாளி தன் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னை.

“இல்லை. கேட்டவை, குடுத்தனான்.”

அதை, அதை மட்டுமே, பிரெஞ்சில் சொன்னேன். மிச்சத்தையும் சொல்லிவிட்டேன் என்று நம்பி, நன்றியோடு எனக்குத் தலையசைத்தார்.

மதியத்துக்குள் அந்தப் பெண்மணி முடிவை வாசித்தார். பேசுபவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ஆகவே தமிழில் அவரை மறுத்தது என் குரல்தான்: “நீங்கள் விரும்பியே திறப்பைக் கொடுத்து அந்தத் தாக்குதலுக்கு உடந்தையானீர்கள். உங்கள் கோரிக்கையை நான் நிராகரிக்கிறேன்.”

“பிள்ளை, நீர் சொல்லேல்லையோ?”

“என்னத்தையப்பா சொல்லுறது?” என்று கேட்டார் மனைவி.

திரையை இழுத்துவிட்ட அந்த மூவரையும் காலையில்தான் மனதுக்குள் கோழைகள் என்று திட்டியிருந்தேன். அவர்களுக்கு எதிரே துப்பாக்கியாவது இருந்தது. எனக்கு எதிரே இருந்தது ஒரு குவளைத் தண்ணீர்.

மறுநாள் காலை அவருடைய வழக்கறிஞரின் அலுவலகத்துக்குப் போனேன். வழக்கறிஞர் அவரைத் தொலைபேசியில் அழைத்துத் தந்தார். முடிவை எதிர்க்க உதவும்படி, தாழ்வாரத்தில் அவர் சொன்னதை எழுதிக்கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

“எழுதும். மனிசிக்கு நானே சொல்லிப்போட்டன்” என்றார். தொலைபேசியை வைத்துவிட்டார்.

“நேற்று அறையில்தானே இருந்தீர்கள், அப்போதே ஏன் சொல்லவில்லை?” என்று வழக்கறிஞர் கேட்டார்.

“இருந்தேன்” என்றேன். தாழ்வாரத்தில் கேட்டதை எழுதினேன். நான் பேசாமல் இருந்ததையும் எழுதி, கீழே கையொப்பமிட்டேன்.