பாப்பாயி வார்த்த விமானம்

போன வாரம் சேலத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய பேரன் கண்ணாடி அலமாரி நிறைய யுத்த விமானப் பொம்மைகளைச் சேர்த்து வைத்திருக்கிறான். எல்லாம் அச்சில் வார்த்த உலோகம். இறக்கையில் திருகாணி வரை தெரிகிறது. "தொட்டா பெயிண்ட் போயிடும் தாத்தா" என்று அவன் சொல்வதற்குள் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்துவிட்டேன். வாசனையே இல்லை. எங்கள் விமானங்கள் அப்படியா? கறுப்புப் பெயிண்டும் ஈயமுமாக, எடுத்தவன் விரலில் சாயங்காலம் வரை மணக்கும்.

யுத்த காலத்தில் எனக்குக் கொல்லிமலை மேல் வேலை. இதைச் சொன்னதும் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் துப்பாக்கியெல்லாம் பிடிக்கவில்லை. வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு மேட்டில் தகரக் கொட்டகை போட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. விமானம் தெரிந்தால் யாருடையது என்று வயர்லெஸ்ஸில் கீழே சொல்வது. அவ்வளவுதான். அடையாளம் காண்பதற்குத்தான் அந்த ஈயப் பொம்மைகள், ஒரு மரப்பெட்டியில் பன்னிரண்டு. வயிற்றில் வெள்ளை எழுத்தில் பெயர் இருக்கும். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பொம்மையைத் தூக்கிப் பிடித்து, மேலே போவதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நான் அதில் கெட்டிக்காரன். இருபத்திரண்டு வயதில் எல்லாவற்றிலுமே கெட்டிக்காரன்.

மலைக்கு அப்போது ரோடு கிடையாது. அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து காட்டுவழியாக ஏறினால் முட்டிவலி போக இரண்டு நாள் ஆகும். அரிசி தீர்ந்துவிட்டால் பக்கத்துக் காட்டுப் பாப்பாயி கொண்டுவரும் சாமைச் சோறுதான். பாப்பாயிக்கு முப்பது வயது இருக்கும். கணவர் மிளகு மூட்டையோடு சந்தைக்கு இறங்கிவிடுவார். விதைப்பிலிருந்து காவல் வரை அவள் பொறுப்பு. ஒரு நாட்டுத் துப்பாக்கியும் வைத்திருந்தாள்.

ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் பதினொன்றுதான் இருந்தது. ஜப்பான்காரனுடைய ஜீரோவைக் காணோம். அடுத்த வாரம் அதிகாரி சோதனைக்கு வருகிறார். நான் தேடாத இடமில்லை. பாப்பாயி சோற்றுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நேராகவே சொன்னாள்.

"நாந்தானுங்க எடுத்தேன். பன்னி சாமைக் காட்டை உழுது போட்டாப்பல ஆக்கிப்போடுதுங்க. குண்டுக்கு ஈயமில்லே. பன்னண்டு கெடக்குதே, ஒண்ணு போனா என்னன்னு உருக்கிப்போட்டேன் சாமி."

"உருக்கிட்டீங்களா!"

"பாதிக் குண்டு மிச்சமிருக்குதுங்க. வேணும்னா திரும்ப வார்த்துத் தாரேன்."

வார்க்க அச்சு வேண்டுமே! இருந்த பதினொன்றில் ஓரளவு அதன் ஜாடையில் இருந்தது நம்முடைய ஹரிக்கேன். (அப்போது 'நம்முடைய' என்றால் வெள்ளைக்காரனுடையது.) அதைப் புற்றுமண்ணில் அழுத்தி அச்செடுத்து, மிச்சமிருந்த குண்டுகளோடு ஒரு பழைய ஈயத் துண்டையும் உருக்கி ஊற்றினாள். அற்புதமாக வந்தது. நான் கறுப்படித்து, வயிற்றில் ஜீரோ என்று எழுதினேன். அதிகாரி வந்தார், பன்னிரண்டையும் எண்ணினார், போனார். நானும் பாப்பாயியும் சிரித்த சிரிப்பு!

அதே வாரம் ராகவன் புதிதாக வேலைக்கு வந்தான். அவனிடம் உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடுமே. அவன் அந்தப் பெட்டியை வைத்துத்தான் விமானங்களைப் படித்தான். ஹரிக்கேனும் ஜீரோவும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று கேட்டதற்கு, ஜாடை அப்படித்தான் என்று சமாளித்துவிட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். மத்தியானம் ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மேகத்துக்கு அடியில் ஒற்றை விமானம் தாழப் பறந்து திருச்சிப் பக்கம் போயிற்று. ஹரிக்கேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. கொட்டகையிலிருந்து ராகவன் கத்தினான்: "அண்ணே, ஜீரோ! கீழே சொல்லிட்டேன்!"

அவன் கையில் பாப்பாயி வார்த்த பொம்மை இருந்தது.

ஈரத் துணியோடு ஓடினேன். கீழே விமானத்தைச் சுடும் பீரங்கிக்காரர்கள் தயாராகியிருப்பார்கள். விமானம் அவர்கள் தலைக்கு மேல் போக ஐந்தாறு நிமிஷம் இருந்தால் அதிகம். "நம்முடையதுதான், சுடாதீர்கள்" என்று வயர்லெஸ்ஸில் சொன்னேன். "ஒருவன் ஜீரோ என்கிறான், நீ இல்லை என்கிறாய். எதை நம்புவது?" என்று அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது. காரணம் சொன்னால் வேலை போய்விடும். சோற்றோடு வந்த பாப்பாயி வாசலில் நின்றிருந்தாள்.

"என்ர பேரைச் சொல்லிப்போடுங்க சாமி. மேலே போறது ஒரு உசுருங்க."

அவள் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்வார்கள், காட்டைப் பன்றி தின்றுவிடும். "ஜீரோ பொம்மையைத் தொலைத்தவன் நான். ஹரிக்கேனை அச்செடுத்து, பேர் மாற்றி எழுதி வைத்தவனும் நான். அந்தப் பையன்மேல் தப்பில்லை" என்றேன். பிறகு, சுட வேண்டாமென்று உத்தரவு போய்விட்டதாகத் தகவல் வந்தது. ராகவன் அந்தப் பொம்மையைப் பெட்டியில் போட்டு மூடினான்.

வேலை போயிற்று. வருத்தம் உண்டா என்று கேட்பீர்கள். அந்தப் பொய்யை எழுதியதற்கு உண்டு. அன்று வாய் திறந்ததற்கு இல்லை. நான் மலை இறங்கிய நாளில் பாப்பாயி ஒரு பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு புளியஞ்சோலை வரை கூடவே வந்தாள். "இதையாச்சும் தொலைச்சுப்போடாதீங்க" என்றாள்.

இப்போது வளப்பூர் நாட்டுக்குப் பஸ்ஸிலேயே போகலாம். ஒருமுறை போனேன். கொட்டகை நின்ற மேட்டில் மரவள்ளி போட்டிருந்தார்கள். சாமைக் காடு இல்லை, காவல் பரண் இல்லை. பாப்பாயி காலமாகிப் பல வருஷம் ஆயிற்று என்றார்கள். ராகவனும் போய்விட்டான். அந்த மத்தியானத்தைப் பார்த்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். விமானத்தை ஓட்டியவனுக்கோ எதுவுமே தெரியாது. எங்கேயோ இறங்கி, கை கழுவிக்கொண்டு, பசியோடு சாப்பிட உட்கார்ந்திருப்பான்.