நூறு சதவீத இஸ்ரவேல் சார்

“ஆன்ஸ்லினுக்க அம்மயா? பிள்ளைய இன்னும் காணல்லியே. வயித்துவலியா? போன திங்கக்கிழமையும் வயித்துவலின்னுதானே சொன்னிய? சுக்குவெள்ளம் போட்டுக் குடுத்து அடுத்த பஸ்சுல ஏத்தி விடுங்க.” காலை ஒன்பது பத்துக்கு இஸ்ரவேல் சார் வருகைப்பதிவு எடுக்கும் முறை இது. பேனாவைவிடக் கைப்பேசிக்குத்தான் வேலை அதிகம்.

இராஜாக்கமங்கலம் போகிற வழியில் தென்னந்தோப்புக்குள் இருக்கும் எங்கள் கல்லூரியில் அவர் கணிதத் துறைத் தலைவர். நான் அடுத்த அறையில் தமிழ் நடத்துகிறேன். நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு என்பதால் எனக்கும் கொஞ்சம் கணிதம் தெரியும். மூன்றாம் ஆண்டில் அவருக்கு நான்கே மாணவர்கள்.

மே மாதம் வந்தால் கடியப்பட்டணம் வரை பைக்கில் பிள்ளை பிடிக்கப் போவார். சின்னக் கல்லூரியில் படித்தால் தேறுமா என்று வீட்டுக்காரர் இழுத்தால், காப்பி வருவதற்குள் ஆரம்பித்துவிடுவார். “பெரிய காலேஜ்ல உங்க பிள்ளை ஒரு நம்பராக்கும். இங்க எல்லாருக்கும் பேரு உண்டு, கேட்டியளா?” பொய்யில்லை. நான்கு பெயர்களை மறக்கத்தான் சிரமப்பட வேண்டும்.

வீணாகப் பழி சொல்லக்கூடாது, மனிதர் நன்றாகவே சொல்லிக்கொடுப்பார். எந்தப் பிள்ளை எந்த வரியில் மைனஸை விழுங்கும் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். ஆனால் வாசலில் ஒரு பிளெக்ஸ் தொங்குகிறது: ‘கணிதத் துறை, தொடர்ந்து ஐந்தாம் ஆண்டாக 100% தேர்ச்சி.’ எத்தனை பேரில் என்று போட மாட்டார். ஒரு வருடம் இரண்டே பேர்.

இந்த வருடம் அந்த நால்வரில் ஒருத்தியான ஜெனிலா மாதிரித் தேர்வில் பத்தொன்பது மார்க் வாங்கினாள். அப்பா இல்லை, அம்மா நேசபாய்க்கு முந்திரி ஆலையில் வேலை. தேர்வுக்கு நான்கு நாள் முன்பு தடுப்புக்கு அந்தப் பக்கம் சாரின் குரல் கேட்டது.

“மக்கா, இந்த ஒரு பேப்பர மட்டும் நவம்பர்ல எழுது. சொகமில்லேன்னு வீட்டுல இரி.”

“அப்போ இந்த வருசம் பி.எட். சேர முடியாதே சார்.”

“பெரிய காலேஜ்ல நீ தோத்தா ஒருத்தனுக்கும் தெரியாது. இங்க நீ ஒருத்தியே இருபத்தஞ்சு சதவீதமாக்கும்.”

தேர்வுக்கே வராதவர் கணக்கில் வரமாட்டார். மூன்று பேர் எழுதி மூன்று பேரும் தேறினால் அதுவும் நூறுதான். எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். தமிழுக்குத் தனித் துறைகூட இல்லாத கல்லூரியில் எனக்கு அவ்வளவு தைரியம் வரவில்லை.

ஜெனிலா தேர்வு எழுத வந்தாள். முதல் பஸ்சிலேயே வந்து, வராந்தாவில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சார் மற்ற மூவருக்கும் கைகொடுத்துவிட்டு இவளைத் தாண்டிப் போனார். அந்த ஒரு நாள் மட்டும் அவருக்கு அவள் பெயர் மறந்துபோயிற்று.

முடிவு வந்தது. நாற்பது எடுத்தால் தேர்ச்சி, ஜெனிலா நாற்பத்து மூன்று. சார் என் அறைக்கே வந்து சொன்னார். “பாத்தியளா? இதாக்கும் சின்ன காலேஜுக்க கொணம். ஒரு பிள்ளையையும் நாம விட்டதில்ல.” எனக்குச் சிரிப்பதா, அவர் முகத்தில் அறைவதா என்று தெரியவில்லை. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டுவைத்தேன்.

போன வாரம் சான்றிதழ் வாங்க நேசபாயும் மகளோடு வந்தார். ஒரு டப்பா முந்திரிக்கொத்துப் பலகாரத்தை இரண்டு கையாலும் சாரிடம் நீட்டினார். “சாரு இல்லேன்னா எனக்க பிள்ள கரையேறியிருக்காது. நல்லா இருப்பிய.” வீட்டில் ஜெனிலா ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சார் டப்பாவை வாங்கிக்கொண்டார். முகம் மலர்ந்தது. ஜெனிலாவை ஆசீர்வதிக்க வலது கையைத் தூக்கித் தலைக்கு மேல் கொண்டுபோனார். அவள் அவரை நேராகப் பார்த்தபடி ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள். அந்தரத்தில் நின்ற கை, கொஞ்ச நேரம் கழித்து, அவருடைய வழுக்கையையே தடவிக்கொண்டது.