ஜிங்க் பூசுகிறவனுக்கே ஜிங்க் குறைவு

ஐந்தாம் வகுப்புப் படிப்போடு பெங்களூருக்கு வந்து, பொம்மனஹள்ளியில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க ஜிங்க், அதாவது துத்தநாகம், பூசும் பட்டறையைத் தனியாளாக நிறுத்தியவன் நான். என்னை மடக்கிப் பேசியவர்கள் குறைவு. அவர்களில் ஒருவர், ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லும் டயட்டீஷியன் அம்மா. ஒல்லியான உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. நாம் சொல்வதைப் பென்சிலால் எழுதிக்கொண்டே, பொய் என்று பட்டதன் கீழே ஒரு கோடு இழுப்பார்.

எனக்கு ஆறு மாதமாக வயிற்றுப்போக்கு. நானே வைத்தியம் பார்த்து, பருப்பு, கறி, முட்டையெல்லாம் நிறுத்தி, டீயும் ரஸ்க்குமாக இருந்தேன். குடலில் வீக்கம், முற்றினால் ஆபரேஷன் என்று சொல்லி, டாக்டர் என்னை அந்த அம்மாவிடம் அனுப்பினார்.

“ரத்தத்துல ஜிங்க் ரொம்பக் கம்மி சார்,” என்றார் அவர்.

“எனக்கா? டன் கணக்குல பூசினவன்மா நான்!”

“பூசாத இரும்பு என்ன ஆகும்?”

“துருப் பிடிக்கும்.”

“குடலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஜிங்க் கம்மியானா நல்ல கிருமி சோர்ந்துடும், கெட்டது ஆட்டம் போடும், குடல் சுவர் வீங்கும். வீக்கத்துக்குப் பயந்து நீங்க சாப்பாட்டைக் குறைச்சீங்க. அதனால ஜிங்க் இன்னும் குறைஞ்சு, வீக்கம் இன்னும் ஏறிடுச்சு.”

அவர் எழுதிக் கொடுத்த சாப்பாட்டுப் பட்டியலை வாங்கிக்கொண்டேன்.

அன்று மதியம் கேன்டீனில் அவரே டீயில் ரஸ்க்கைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இது?”

“இன்னிக்கு மட்டும்தான் சார்.”

மேசையில் கிடந்த அவருடைய பென்சிலை எடுத்து, பில்லின் பின்பக்கம் நீளமாக ஒரு கோடு இழுத்தேன். சிரித்தார். ரஸ்க்கை மட்டும் கீழே வைக்கவில்லை.

அவர் சொன்னபடி சாப்பிட்டு எனக்கு வீக்கம் வற்றிவிட்டது. அவர் சொல்கிற பொய்க்குக் கீழே யார் கோடு இழுக்கிறார்களோ, தெரியவில்லை.