இரண்டு ஜோன் மில்லர்களும் ரெஜினா அக்காவும்

கனடாவில், அஜின்கோர்ட்டில் ஒரு மரக்கறிக் கடையில், காசு கட்டும் வரிசையில் நின்றபோது ரெஜினா அக்காவின் மகள் மெலனியின் அழைப்பு வந்தது. "அன்ரி, அம்மா போயிட்டா. நித்திரையிலதான். காலமை தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பினன், எழும்பேல்லை." கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, காருக்குள் இருந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் எழுபது பேர் போட்டிருந்த பச்சை ரீசேட்டுகள் நினைவுக்கு வந்தன. அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. ரெஜினா அக்காவோடு பழகிய உங்களுக்கு இது விளங்கும். அந்த ரீசேட்டுகளின் கதை தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மன்னாரில் பிறந்த ரெஜினா அக்கா, மோர்னிங்சைட்டில் ஒரு மருந்துக்கடையில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்தார். நானும் அதே கடையில் அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தேன். டொக்டர்மார் கிறுக்கி அனுப்பும் சீட்டுகளை அந்தக் கடையில் அவரைப்போல் வாசிக்க வேறு ஆளில்லை. நாங்கள் டொக்டர்மாரைத் திட்டினால் விடமாட்டார். "எழுத்து வடிவில்லாட்டி ஆள் கூடாத ஆள் எண்டில்லை. அவசரக்காரர், அவ்வளவுதான்" என்பார்.

ஒரு நாள் டோரீன் வந்தார். எண்பது வயதைத் தாண்டியவர், எங்கள் பழைய வாடிக்கையாளர். இரத்த அழுத்த மருந்தோடு போயிருக்க வேண்டியவர், கைப்பையிலிருந்து ஒரு பழைய கடிதத்தின் பிரதியை எடுத்து ரெஜினா அக்காவின் முன்னால் வைத்தார். "நீ டொக்டரின் எழுத்தையே வாசிக்கிறாய். இதையும் வாசி பார்ப்போம்" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்தப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேறிய அவருடைய முன்னோர், ஜோன் மில்லர் என்பவர், தன் தம்பிக்கு எழுதிய கடிதம் அது. நான்கு தலைமுறையாக வீட்டில் இருந்தும் ஒருவராலும் முழுதாக வாசிக்க முடியவில்லை. ரெஜினா அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "விதை அனுப்பு. உப்பு அனுப்பு. இங்கே நுளம்புக்கடி மட்டும் தாராளமாக இருக்கிறது." டோரீன் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது.

அந்த மில்லர் எங்கிருந்து வந்தார் என்பது அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்துத் தருவதாக ரெஜினா அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார். ஓய்வுபெற்ற பிறகு வாரத்தில் இரண்டு நாள் ஆவணக் காப்பகத்துக்குப் போனார். குடியேறியவர்கள் காணி கேட்டு அரசாங்கத்துக்கு எழுதிய பழைய மனுக்கள், குடிசன மதிப்பு, ஞானஸ்நானப் பதிவுகள் என்று ஒன்றையும் விடவில்லை. அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனது நான்தான். "உங்கட சொந்த ஆக்களைத் தேடலாமே அக்கா?" என்று ஒரு முறை கேட்டேன். "என்ர ஆக்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். அதுதானே பிரச்சினை" என்றார்.

எட்டு மாதத்தில் ஆள் அகப்பட்டார். ஜோன் மில்லர், அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர். டோரீன் வீட்டில் ஒரே கொண்டாட்டம். கோடையில் பூங்காவில் குடும்ப ஒன்றுகூடல் வைப்பதென்று முடிவாகி, எல்லோருக்கும் அயர்லாந்தின் பச்சை நிறத்தில், 'அயர்லாந்து மில்லர்கள்' என்று எழுதிய ரீசேட் அடித்து, ஐரிஷ் பாட்டு வாசிக்க வயலின்காரர் ஒருவரையும் பிடித்தார்கள்.

ஒன்றுகூடலுக்கு மூன்று நாள் இருக்கையில் ரெஜினா அக்கா எனக்குப் போன் எடுத்தார். "சுபா, பெரிய பிழை விட்டிட்டன். அந்த ஐரிஷ்காரன்ர காணி மனுவின்ர கடைசிப் பக்கத்தை இண்டைக்குத்தான் பாத்தனான். கையெழுத்து வைக்கத் தெரியாமல் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட்டிருக்கிறான். புள்ளடி போடுறவன் என்னெண்டு தம்பிக்குக் கடிதம் எழுதினவன்?" குரலில் பயம் இருந்தது. ஆனால் அதையும் மீறி ஒரு குதூகலம். அடுத்த நாள் காப்பகம் திறக்கும்போதே வாசலில் நின்றோம். பின்னேரத்துக்குள் இரண்டாவது ஜோன் மில்லர் கிடைத்தார். கொஞ்சம் தள்ளி வேறொரு காணி. அவருடைய மனுவில், கடிதத்தில் இருந்த அதே கையெழுத்து, அதே வால் நீண்ட 'ஆர்' எழுத்து. பென்சில்வேனியாவிலிருந்து மனைவியும் நான்கு பிள்ளைகளுமாக மாட்டு வண்டியில் வந்த ஜெர்மன்காரர்.

"டோரீனுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கோ" என்றேன்.

"பிழையைச் சொல்லுறதெண்டால் எல்லாரும் கூடுற இடத்தில நேரில போய்ச் சொல்லவேணும். வாறியோ, இல்லையோ?"

"ஓம், வாறன்."

ஒன்றுகூடலன்று ஒரு பெரிய தட்டு நிறைய மட்டன் ரோல்ஸோடு போனோம். பூங்கா முழுக்கப் பச்சை. வயலின் வாசிப்பு நின்றதும் ரெஜினா அக்கா ஒலிவாங்கியை வாங்கினார். "நான் உங்களுக்குத் தந்த தாத்தா வேறு வீட்டுத் தாத்தா. மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் தாத்தாவையும் கொண்டுவந்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மனுவை வாசிக்கத் தொடங்கினார். வழியில் ஆறு பெருகியது, ஒரு மாடு செத்தது, கடைசிப் பிள்ளை வண்டியிலேயே பிறந்தது.

வாசித்து முடித்ததும் டோரீன் எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். "எனக்குப் பச்சை நிறம் ஒருபோதும் பிடித்ததில்லை" என்று சொல்லி, கழிப்பறைக்குப் போய் ரீசேட்டை அந்த எழுத்து மறைய, உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் திருப்பிப் போட்டார்கள். வயலின்காரருக்கு ஜெர்மன் பாட்டு ஒன்றும் தெரியாததால் மீண்டும் ஐரிஷ் பாட்டையே வாசித்தார். ரெஜினா அக்கா டோரீனின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார். ரோல்ஸ் பத்து நிமிடத்தில் முடிந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "எங்கட பேரப்பிள்ளையளின்ர பிள்ளையள் ஒரு நாளைக்கு எங்களைத் தேடுவினம், சுபா. நாங்களும் இஞ்ச முதல் வந்த ஆக்கள்தானே. ஒருத்தி கண்ணாடியும் போட்டுக்கொண்டு என்ர பேரைத் தேடிக்கொண்டிருப்பாள். அவளைக் கஷ்டப்படுத்தப்படாது." அதன் பிறகு எந்தப் படிவம் வந்தாலும், முழுப் பெயரையும் பிறந்த ஊரையும் ஓர் எழுத்துச் சிதையாமல் எழுதுவார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் திரும்பி ஒரு சிரிப்பு.

தேவாலயத்தில் அவருடைய இறுதிப் பூசையன்று, வாசலில் அஞ்சலிக் குறிப்பேடு வைத்திருந்தார்கள். வழக்கமாக இரண்டு எழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போகிறவள் நான். அன்று பேனாவை எடுத்து என் பெயரை எழுதினேன். அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், பிறந்த ஊர், கனடாவுக்கு வந்த வருடம், ரெஜினா அக்காவைச் சந்தித்த கடை எல்லாவற்றையும் எழுதினேன். எனக்குப் பின்னால் வரிசை கதவைத் தாண்டி நீண்டது. நான் அவசரப்படவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பழக்கம். இனி எங்கே எழுதினாலும், என்னைத் தேடி வரப்போகிறவளுக்கு விளங்கும்படி எழுதுவேன்.