பிளாஸ்க்கும் சிவப்பு நாடாவும்

மதுரையில் ஏறிய பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் ஓர் ஆராய்ச்சியாளர். காலடியில் சிவப்பு நாடா கட்டிய நீலப் பிளாஸ்க். உள்ளே ஐஸில் ஆன்டிபாடி. ஆறு மாதம் காத்திருந்து வாங்கியதாம், சூடு பட்டால் வீணாம்.

"நமக்கு வேண்டிய புரதத்துல ஒரு சின்ன வால ஒட்டிவிட்டிருவோம் சார். ஆயிரம் புரதத்தோட கலந்து கெடந்தாலும், ஆன்டிபாடி அந்த வாலப் பாத்துப் பிடிச்சிரும். பொறவு வால வெட்டிருவோம்."

தலையாட்டினேன். புரியாதபோது எனக்கு நன்றாகத் தலையாடும்.

பேசிக்கொண்டே நாடாவை அவிழ்த்துப் பையில் போட்டார். "நம்ம காலடிக்கு வந்தாச்சு, இனி அடையாளம் எதுக்கு?" எல்லாப் பொருளுக்கும் இதுதான் வழக்கமாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அம்மா ஏறி, அச்சு அசலாக அதே மாதிரி பிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்தார். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் இருக்கும் கணவருக்குக் காப்பி. அடுத்த பள்ளத்தில் இரண்டும் உருண்டன.

ஆராய்ச்சியாளர் வெளுத்துப்போனார். "ஆட்டாதீங்க! தொறக்காதீங்க!"

அம்மா அலட்டிக்கொள்ளாமல் மூடி விளிம்பைத் தடவினார். "இது நம்மளது. எங்க வீட்டுக்காரவிய கோவத்துல மூடிய வீசுன நெளிவு இருக்கு பாருங்க."

ஆராய்ச்சியாளர் அந்த நெளிவைப் பார்த்தார்; தன் ஆன்டிபாடியைக்கூட அவ்வளவு மரியாதையாகப் பார்த்திருக்க மாட்டார். பையிலிருந்து நாடாவை எடுத்துத் தன் பிளாஸ்க்கில் இரட்டை முடிச்சுப் போட்டார்.

என் மனைவி என்னை எந்த நெளிவை வைத்து அடையாளம் காண்கிறாள் என்று கேட்க, இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.