நூறு மீட்டர் தள்ளிப் போன கிணறு

போன வாரம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். பழைய சர்வே வரைபடத்தின் புள்ளிகளை இன்றைய சாட்டிலைட் கணக்குக்கு மாற்ற அவள் எழுதியிருந்தது மூன்றே வரி. "இவ்ளோதானாக்கா? இதுக்கா ஒரு நாள் டைம் குடுத்தீங்க?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. அந்த மூன்று வரியில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நான் முதன்முதலில் வேலைக்குப் போனது தர்மபுரியில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த, மேப் போடும் சின்ன கம்பெனிக்கு. இப்போதும் சூடான பன் வாசனை வந்தால் எனக்குப் பசிக்காது, மேப்தான் ஞாபகம் வரும். பூமி உருண்டை, காகிதம் தட்டை. ஒன்றை மற்றதில் விரிக்க ஊருக்கொரு கணக்கு. அந்தக் கணக்குகளுக்கிடையே புள்ளிகளை மாற்றித் தர, யாரோ எழுதி இலவசமாக வைத்திருக்கும் கணக்குத் தொகுப்பை, எங்கள் பாஷையில் ஒரு குட்டி லைப்ரரியை, வைத்து நான் ஒரு புரோகிராம் எழுதினேன். உலகத்தை அறுபது பட்டைகளாகப் பிரிக்கும் கோடுகளில் ஒன்று மாரண்டஹள்ளிப் பக்கமாகவே போகிறது. பட்டை எண்ணை மாற்றிக் கொடுத்தால் ஊரே அரபிக்கடலில் போய் விழும். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தேன். அதில் பெருமை வேறு. பழைய வரைபடம் பூமியின் அளவையே வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தது; அதனால் அதற்கும் புதியதற்கும் இடையே வரும் நகர்வைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்பதைக் கோட்டைவிட்டேன். சொல்லாவிட்டால் லைப்ரரி கேள்வி கேட்காது. நகர்வே இல்லை என்று எடுத்துக்கொள்ளும்.

வேலை ஒரு புறவழிச் சாலைக்கு. சாலைக் கோட்டையும் புதிய கட்டடங்களையும் நேரில் அளந்திருந்தார்கள். கிணறுகள் மட்டும் பழைய வரைபடத்திலிருந்து. மேப் பார்க்க அழகாக இருந்தது, சாலை போடும் துறைக்குக் கொடுத்தும் ஆயிற்று. பிறகுதான், ஒப்புக்குச் சரிபார்க்க என்னை அனுப்பினார்கள்.

சாலை வரப்போகும் வழியில் இருந்த மாதம்மாக்காவின் தக்காளித் தோட்டத்தில், கிணற்றோரம் நின்று போனில் எங்கள் மேப்பைத் திறந்து பார்த்தேன். போனில் கிணறு நூறு மீட்டருக்கு மேல் தள்ளி, அடுத்தவர் சோளக்காட்டில் இருந்தது. சாலைக் கோடு நான் நின்ற இடத்தின் மேல் போனது.

"என்ன பாப்பா இப்பிடி முழிக்கற? எங்க கெணறு ரோட்டுல வருதா?"

"பாத்துட்டுச் சொல்றேங்கக்கா."

"எங்க மாமனாரு வெட்டுனது. எந்த வெயிலுக்கும் வத்துனதில்ல."

திரும்பி வந்து, நகர்வைச் சொல்லும் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். கிணறு மேப்பில் தன் இடத்துக்கு வந்தது. மேனேஜரிடம் ஓடினேன். அவர் மேப்பைப் பார்க்கவே இல்லை.

"மேப்பு போயாச்சும்மா. கையெழுத்தும் ஆயாச்சு. இப்பப் போயி தப்புன்னு சொன்னா, அடுத்த வேல நமக்கு வருமா?"

"கெணறு போயிருங்க சார்."

"ஒரு கெணறுதான."

திருத்திய மேப்பை அச்செடுத்து மாதம்மாக்காவிடமே கொடுத்தேன். சாலைக்கு நிலம் எடுப்பதற்கான விசாரணையன்று அவர் அதை மேசையில் விரித்தார். எதிரே இருந்த அதிகாரி, "இதுல சீல் இல்லைங்கம்மா. எங்க மேப்புல உங்க கெணறு ரோட்டுக்கு வெளியதான் இருக்குது" என்றார்.

"கெணறு மேப்புலயாங்க இருக்குது? தோட்டத்துக்கு வந்து எட்டிப் பாருங்க."

யாரும் வரவில்லை. அதே சாலை ஒரு கல்யாண மண்டபத்தைச் சுற்றி மரியாதையாக வளைந்து போனது. மண்டபம் மேப்பில் சரியான இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். வெளியே இருப்பதாகச் சொன்ன கிணற்றை மூட இரண்டு நாள் லாரி லாரியாக மண் கொட்டினார்கள். அச்செடுத்த விஷயம் தெரிந்து என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஓசூர் பஸ்ஸில் மாதம்மாக்காவைப் பார்த்தேன். அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குத் தக்காளி பறிக்கப் போய்க்கொண்டிருந்தார். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"உம்மேல எனக்குக் கோவமில்ல பாப்பா. கம்ப்யூட்டரு தப்பு பண்ணிருச்சாமா. ஆபீசுல சொன்னாங்க."

"கம்ப்யூட்டரு இல்லைங்கக்கா. மொதல்ல தப்பு பண்ணது நானு. தெரிஞ்சும் மறைச்சது அவங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கம்பெனி இன்று இல்லை. மேனேஜர் எங்கே என்று தெரியாது. கிணற்றின் மேல் லாரிகள் போகின்றன. சீல் வைத்த அந்த மேப் மட்டும் ஏதோ ஒரு பீரோவில் பத்திரமாக இருக்கும். அதில் மாதம்மாக்காவின் கிணறு இன்னும் சோளக்காட்டில்தான் இருக்கிறது.