அட்டைப் படத்தில் அண்ணனின் நெற்றிக்கு மேலே ஏன் ஒன்றுமில்லை

இந்த நினைவு மலரின் முன்பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, அச்சகத்தில் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். பிழை இல்லை. அண்ணனின் தலை நெற்றியோடு வெட்டுப்பட்டுத்தான் இருக்கிறது. வாய் முழுக்கச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். கையில் சுளகும் இருக்கிறது. காரணத்தைச் சொல்லாவிட்டால் திவசத்துக்கு வந்த நீங்கள் பந்தியில் இருந்து இதைத்தான் கதைப்பீர்கள் என்ற பயத்தில் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மண்டூரில் வாவிக்கரையோரம் பிறந்தவர். வீட்டில் அவர் மூத்தவர், நான் கடைசி. வயல் வட்டைக்குப் போன இடத்தில் பாம்பு கடித்து அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினேழு வயது. அன்றிலிருந்து வேளாண்மையை அவரே பார்த்தார். போர் நடந்த பிரச்சினைக் காலத்தில் எங்களை இரண்டு தரம் அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு தரமும் ஒருவர் குறையாமல் திரும்பக் கொண்டுவந்தார். எனக்கு வீடு கட்டிக் கலியாணம் செய்துவைத்தார். தனக்கு மட்டும் செய்துகொள்ளவில்லை. கேட்டால், வேளாண்மை வெட்டி முடியட்டும் என்பார். ஒவ்வொரு வருடமும் வெட்டி முடிந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு கட்டாருக்குப் போய் நான்கு வருடம் லொறி ஓட்டினார். அங்கே போனவர்கள் ரீவி கொண்டுவருவார்கள், கம்பளி கொண்டுவருவார்கள். அண்ணன் சவுக்காரக் கட்டி அளவில் ஒரு கமரா கொண்டுவந்தார். பொத்தானை அமத்தினால் ஆமை தலையை நீட்டுவதுபோல் அதன் மூக்கு வெளியே வரும். எனக்கு அது பிடிக்கவில்லை. அதன் பற்றறியைச் சார்ஜில் போட்ட முதல் நாள், வெடித்தால் என்ன செய்வது என்று பக்கத்தில் ஒரு வாளி மண் வைத்துவிட்டுத்தான் சமைக்கப் போனேன். அண்ணன் வந்து பார்த்து, அந்த மண் வாளியையும் ஒரு படம் எடுத்தார்.

அவர் எடுத்ததெல்லாம் அப்படிப்பட்ட படங்கள்தான். கோவில் திருவிழாவுக்குப் போனால் சுவாமியை எடுக்க மாட்டார். சுவாமியை எல்லாரும் எடுக்கிறார்கள், செருப்பைத் தேடுகிறவர்களை யார் எடுப்பது என்று கேட்பார். மீன் கழுவுகிற பெண்கள், சைக்கிளில் வைக்கோல் கட்டிக்கொண்டு வருகிறவர், மழைக்கு மூன்று பேர் ஒரு குடைக்குள் நிற்பது, இவைதான் அவருக்கு வேண்டும். ஊரில் எல்லார் கையிலும் போன் வந்த பிறகும் அந்தக் கமராவை விடவில்லை. போன் எதற்கு என்று கேட்டால், "படம் எடுக்கிற நேரம் பாத்து போனுக்கு ஆரும் எடுப்பாங்க, இதுக்கு ஆரும் எடுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

வயதானவர்களை எடுக்கத் தொடங்கியது எங்கள் பெரியப்பா இறந்த பிறகு. பெரியப்பா வாழ்நாளில் சேட்டுப் போட்டதை யாரும் கண்டதில்லை. அவருடைய படம் ஒன்றும் கிடைக்காமல், அடையாள அட்டைப் படத்தை ஸ்ரூடியோவில் கொடுத்தோம். அவர்கள் கோட்டும் டையும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சந்தியில் கண்ணீர் அஞ்சலி பனர் கட்டியபோது, இது எந்த வங்கி முகாமையாளர் என்று பெரியம்மாவே கேட்டார். அன்றைக்கு அண்ணன் ஒரு முடிவெடுத்தார். ஊரில் ஒருவரும் இனிமேல் கோட்டோடு போகக்கூடாது. வீடு வீடாகப் போய் வயதானவர்களை அவரவர் இருக்கிறபடியே எடுத்து, களுவாஞ்சிகுடி ஸ்ரூடியோவில் கழுவி, ஆளுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தார்.

நல்ல வேலைதான். ஆனால் எடுத்து ஒரு மாதத்துக்குள் இரண்டு பேர் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கும் எண்பது தாண்டியிருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணனின் சைக்கிள் மணி கேட்டால் வாசல் படலையைச் சாத்தினார்கள். பாதையில், அதாவது குருமண்வெளிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் அந்தத் தட்டைப் படகில், அண்ணன் கமராவோடு ஏறினால் வயதானவர்கள் எல்லாரும் மறுபக்கம் போய் நின்றுகொள்வார்கள். பாதை ஒரு பக்கம் சரியுது, அந்தக் கமராவைச் சாரத்துக்குள்ள செருகுங்க என்று ஓட்டுகிறவர் ஒருநாள் கும்பிட்டுக் கேட்டாராம். அண்ணன் இதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நானும் படலையைச் சாத்துகிற கட்சிதான் என்பது அவருக்குத் தெரியும்.

இனி எழுதப்போவது இதுவரை வீட்டில் யாருக்கும் சொல்லாதது.

அண்ணனுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். போவதற்கு முதல் நாள் காலையில் தலையை வாரி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, முற்றத்துச் செவ்வரத்தைச் செடிக்குப் பக்கத்தில் கதிரையைக் கொண்டுபோய் வைத்து உட்கார்ந்தார். கமராவை என் கையில் தந்தார்.

"ஒண்டு எடு தங்கச்சி. இல்லாட்டி எனக்கும் கோட்டுப் போட்டிருவாங்க."

எடுத்தேன். நல்லாக வந்திருந்தது. அதனால்தான் இன்னும் பயம் கூடியது. அவர் குளிக்கப் போன நேரம், குப்பைக் கூடை கீறியிருக்கிற பொத்தானை அமத்தி அந்தப் படத்தை அழித்துவிட்டேன். கமரா இங்கிலீசில் ஏதோ கேட்டது. என்ன கேட்டது என்று தெரியாமலே ஓம் என்று அமத்தினேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அண்ணன் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தார். எடுத்த நேரம் பற்றறி இறங்கிப்போய் இருக்கும் என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் கமராவைத் தலையணைக்குக் கீழே வைத்தார். பிறகு, "கமரா பயந்திருக்கும், பாவம்" என்றார்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. நான் படத்தை அழித்ததால்தான் முடிந்தது என்று மனதுக்குள் பெருமைப்பட்டேன். அண்ணன் வீட்டுக்கு வந்து ஒன்பது மாதம் இருந்தார். வாவிக்கரையில் மெதுவாக நடந்தார், கொக்குகளை எடுத்தார், என்னை வேலை செய்ய விடாமல் எடுத்தார். போன வருடம் ஒரு காலையில் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை என்னிடம் தந்துவிட்டுக் கண்ணை மூடியவர் திறக்கவில்லை.

படம் கேட்டார்கள். கமராவுக்குள் கடைசி இரண்டு வருடத்துப் படம் மூவாயிரத்துக்கு மேல் இருந்தது; அதற்கு முந்தியவற்றை இடம் போதாமல் அண்ணனே அழித்திருந்தார். அண்ணன் ஒன்றிலும் இல்லை. சிலவற்றில் மூலையில் அவருடைய விரல் இருந்தது, ஒன்றில் வரம்பில் விழுந்த நிழல் இருந்தது. வேறு வழியில்லாமல் பாஸ்போட் படத்தைக் கொடுத்துவிட்டோம். அடுத்த நாள் சந்தியில் அண்ணன் கறுப்புக் கோட்டும் நீல டையும் போட்டுத் தொங்கினார். வந்தவர்கள் எல்லாரும் அவருக்காக அழுதார்கள். நான் அந்த டைக்காக அழுதேன்.

ஒரு வருடமாக அந்த டை என் கண்ணுக்குள்ளேயே நின்றது. இந்த மலருக்கும் அதே படத்தைப் போட்டால் அண்ணனுக்கு இரண்டாம் தரமும் நானே கோட்டுப் போட்டதாக ஆகிவிடும். என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோதுதான், கல்குடாவில் மகள் வீட்டில் இருந்த எங்கள் பின்வளவு மாமி ஊருக்குத் திரும்பி வந்தார். திவசத்துக்கு மா இடிக்க வந்த இடத்தில், நான் உரலுக்குப் பக்கத்தில் இருந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அழித்ததையும் சொன்னேன்.

மாமி உலக்கையைச் சுவரில் சாத்தினார்.

"ஏன் புள்ள, படம் எடுத்தாத்தான் ஆள் சாகிற எண்டா, அவன் என்னெண்டு செத்தான்? நீதான் அழிச்சிட்டியே."

இந்தக் கேள்வியை ஒரு வருடமாக நான் ஏன் யோசிக்கவில்லை என்று இன்றைக்கும் தெரியாது.

மாமி வீட்டுக்குப் போய், பால்மாப் பையில் சுற்றிய இரண்டு படங்களைக் கொண்டுவந்தார். நாலு வருடத்துக்கு முன் அண்ணன் அவரை எடுக்கப் போயிருக்கிறார். மாமி விடவில்லை. "முதல்ல நீ நில்லு மனே, நான் உன்ன எடுக்கிறன். எட்டு நாளையில உனக்கு ஒண்டும் ஆகாட்டி மறுகா வந்து என்ன எடு" என்று சொல்லி, தான் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுக் கமராவை வாங்கியிருக்கிறார். முதலில் அதைத் திருப்பிப் பிடித்துத் தன்னையே எடுத்து, வெளிச்சம் கண்ணில் அடிக்க, ஆரோ டோச் அடிக்கிறாங்க என்று பின்னால் திரும்பிப் பார்த்தாராம். அதைக் கண்டு அண்ணன் சிரித்த சிரிப்புத்தான் நீங்கள் முன்பக்கத்தில் பார்ப்பது. மாமி அடுத்ததாக அமத்தியதில் சிரிப்பு அகப்பட்டது, நெற்றிக்கு மேலே அகப்படவில்லை. எட்டாம் நாள் அண்ணன் சுகமாகப் போய் நின்றார். மாமியும் சொன்ன சொல் மாறாமல் கதிரையில் உட்கார்ந்தார். மற்றப் படம் அதுதான். மாமி இன்னும் எங்கள் உரலில் மா இடிக்கிறார்.

அண்ணனைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமார்க்கும், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாட்களில் எங்களுக்காகச் சுணங்கி நின்ற பாதைக்காரருக்கும், பந்தல் போட்டும் சமைத்தும் தூக்கியும் துணை நின்ற அயலவர்களுக்கும், தூரத்திலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஸ்ரூடியோத் தம்பி அண்ணனின் தலைக்கு முடி வைத்துத் தரவா என்று மூன்று தரம் கேட்டார். வேண்டாம் என்று சொன்ன பிறகும் கோவிக்காததற்கு அவருக்குத் தனி நன்றி.

போன கிழமை என் மகளிடம் அந்தக் கமராவைக் கொடுத்து, செவ்வரத்தைக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். சிரிக்கச் சொன்னாள், சிரித்தேன். ஐந்து தரம் எடுத்தாள். ஐந்திலும் பாம்பைக் கண்டவள் மாதிரித்தான் வந்திருக்கிறேன். அழித்துவிட்டு இன்னும் ஒன்று எடுப்போமா என்று கேட்டாள். அது நான்தான், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அன்புத் தங்கச்சி